சந்து விட்ட பலகை

"காலால மிதிக்கிற பலகைக்கு எதுக்குங்க ஆசாரியாரே இத்தன பாலிஷு?"

அரவேணு பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்து எழுந்த குரல் இது. பேசியவர் கையில் கிட்டார் பை, மடியில் சாய்வான மரப்பலகை. பக்கத்தில் அதைச் செய்த ஆசாரி. கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல் பெட்டிகளை அடுக்கி வைக்கிற பலகையாம்.

"மரம்னா பளபளன்னு இருக்கோணுமுங்க."

"பாலிஷு போகட்டும். நடுவுல ரெண்டு விரக்கடை சந்து விடச் சொன்னனே, அது எங்கீங்க?"

"அடைச்சுப்போட்டனுங்க."

"ஏனுங்க?"

"தேயிலைக்கு வெல விழுந்ததுல இருந்து எல்லாருமே மரத்துல மிச்சம் புடிக்கிறாங்க. நீங்களும் கட்டை பத்தாமத்தான் சந்து விடச் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க. பாவம்னு எங்கூட்டு சில்வர் ஓக்கு சட்டத்தப் போட்டு அடைச்சேன். அதுக்குக் காசு கேட்டனா?"

"ஐயோ, ஒயரெல்லாம் அந்தச் சந்து வழியாத்தானுங்க கீழ போகோணும்! நாளைக்குக் கல்யாணத்துல வாசிக்கோணும். எல பறிச்சுப் பொழைக்க முடியலைன்னுதான் இதுக்கே வந்திருக்கேன். இப்ப அரவேணுல எறங்குனதும் உங்க பட்டறையில அறுத்துக் குடுத்துருங்க."

ஆசாரி பலகையை வாங்கி, இணைப்பு தெரியாத அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். அரவேணு வந்ததும் எழுந்தார்.

"அறுத்துத் தாரனுங்க. ஆனா கல்யாணத்துல யாராச்சும் இதப் பாத்துட்டு யாரு செஞ்சதுன்னு கேட்டா, எம் பேர மட்டும் சொல்லிப்போடாதீங்க."