செருப்பு போடறதுக்கு முன்னாடியே கேளம்பாக்கம்

— ஐயோ, அதை ஆஃப் பண்ணாதீங்கப்பா!

— ஏம்மா ஸ்நேகா? நீ ஆபீஸ் போனப்புறமும் இந்தக் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடுதே... யாருக்காக?

— எமுலேட்டர்ப்பா. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஃபோன் மாதிரி. ஃபோன் ஆப் எல்லாம் ஓடும். ஃப்ரீதான்.

— கையில ஒண்ணு இருக்கு. பெட்டிக்குள்ள இன்னொண்ணா?

— அது... கேம் ஆட...

— கேமா? மேப்பு தெரியுது. நீலப் புள்ளி... இது நம்ம ஃபேமிலி ஆப் தானே? அம்மா சாம்பார் கொதிக்கும்போதுகூட பார்ப்பாளே, ‘ஸ்நேகா ஆபீஸ் போய்ச் சேர்ந்துட்டா’ன்னு?

— அப்பா, அது வந்து...

— நீ இன்னும் செருப்பே போடல. உன் புள்ளி கேளம்பாக்கம் ஆபீஸுக்கே போயிடுச்சு! டிராஃபிக்கே இல்ல போல?

— மெதுவாப்பா! அம்மா கிச்சன்ல...

— சரி சரி. சொல்லு.

— எமுலேட்டர்ல லொக்கேஷன் நாமளே வெச்சுக்கலாம். தினம் கிளம்பறப்போ வைப்பேன். இன்னைக்கு அவசரத்துல முன்னாடியே...

— நிஜமா எங்க போற?

— தாம்பரம் ஸ்டேஷன். பெஞ்சுல உக்காந்து வேலைக்கு அப்ளை பண்ணுவேன். ஆபீஸ்ல என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்கப்பா.

— அம்மாகிட்ட ஏன் சொல்லல?

— அம்மா லேக்ல வாக்கிங் வர்றவங்ககிட்டல்லாம் என் வேலையப் பத்தி அவ்ளோ பெருமையா... வாயே வரல. அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

— அம்மாகிட்ட சரி. என்கிட்ட?

— உங்களுக்கு பிரஷர் வேற...

— ஆமா, பெரிய பிரஷர்! அந்தப் பெரிய மழையன்னைக்கு உன் புள்ளி ஆபீஸ விட்டு நகரவே இல்ல. மாட்டிக்கிட்டியோன்னு ரெயின்கோட்டைத் தூக்கிக்கிட்டு கேளம்பாக்கம் வந்தேன்.

— வந்தீங்களா?!

— செக்யூரிட்டி சொன்னார், ‘அந்தப் பொண்ணு வேலைய விட்டு நின்னுடுச்சே சார்’னு.

— அப்பா... அப்பவே தெரியுமா? ஏன் கேக்கல?

— நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். தப்புதான். தனியா பெஞ்சுல உக்கார விட்டுட்டேன்.

— அப்போ இப்ப ஆஃப் பண்ண வந்தது?

— நடிப்பு. நீ வாயத் திறக்கணுமே!

— ஒரு நிமிஷம்... முன்னாடி கரண்ட் போனா புள்ளி காணாமப் போய், அம்மா ஃபோன் மேல ஃபோன் போடுவாங்க. இப்பல்லாம் கரண்ட் போனாலும் மறையறதே இல்லையே... எப்படிப்பா?

— எலக்ட்ரீஷியனைக் கூப்ட்டு கம்ப்யூட்டரை இன்வெர்ட்டர்ல மாத்திட்டேன். நெட் பாக்ஸையும் சேர்த்து. அவ பயப்படுவாளே... தோ, சாம்பார இறக்கிட்டா. ரெண்டு பேருமா போய் இப்பவே சொல்லிடலாமா... என்னம்மா சொல்ற?