சாக்பீஸ் குறி

எனக்கு முழங்கால் வலி, சார். நின்றுகொண்டு பேச முடியாது, உட்கார்ந்தே சொல்கிறேன்.

போலியோ சொட்டு மருந்து போட சுஜா வீட்டுக்கு வீடு வருவாள். போட்டு முடித்ததும் குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்து, வாசல் சுவரில் சாக்பீஸால் எண்ணும் தேதியும் எழுதுவாள். திருவொற்றியூரில் எல்லோரும் வருஷக்கணக்காகப் பார்த்த குறிதான். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை போய் நான் வீட்டில் முடங்கிக் கிடந்த ஒரு நாள், அது இடிக்கப்போகும் வீடுகளுக்கான குறி, துறைமுகச் சாலை வருகிறது என்று தெரு வாட்ஸப் குழுவில் குரல்பதிவாகப் பேசிப் போட்டேன். பொழுது போகாமல்தான்.

சாயங்காலமே ஆட்கள் ஈரத்துணியோடு சுவரைத் துடைத்தார்கள். ஒரு மாதத்தில் சங்கம் வந்தது, என் தோளில் தலைவர் துண்டு வந்தது. குறியை அழித்தவன் நம்மாள், விட்டுவைத்தவன் விலைபோனவன். அதிகாரிகள் மறுத்தபோது, மறுக்கிறார்களே, அதுவே சாட்சி என்றோம். வேலை போனபோது ஏறெடுத்துப் பார்க்காத எதிர்வீட்டு நசீர் பாய்கூட "தலைவரே" என்றார். வார்டு தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். இனித்தது, மறைப்பானேன்.

ஆனால் அலுப்பான வேலை சார். ஒரு பயம் மூன்று நாளில் ஊசிப்போகும். புதிதாக ஒன்று ஆக்கிப் போட வேண்டும். இடிப்பு பழசானதும் அந்த மருந்திலேயே விஷம் என்றேன்.

அன்று காலை சுஜா என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, உம் பேத்திக்கு நான்தான் சொட்டு போட்டேன். நீதானே மடில வச்சிகினு இருந்தே. இது இன்னா குறின்னு உனுக்கே தெரியும். ஒரு தபா சொல்லிடு. தெருவுல நடக்கவே பயமா கீது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டால் நான் மறுபடி வெறும் சுப்பராயன். அவள் மூன்றாவது சந்துக்குள் திரும்புவதை வாசலிலிருந்து பார்த்தேன். போனை எடுத்துக் குழுவில் பேசினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே ஓடியிருக்கிறாள். ஒருவரும் திறக்கவில்லை. அவள் செத்துக் கிடந்தபோது மருந்துப் பெட்டியில் ஐஸ்கூட உருகவில்லையாம். பாவம், நல்ல பெண்.

அடித்தவர்களில் நான் இல்லை. என் கை யார்மேலும் படவில்லை. பதிவைப் போட்டுக் கேளுங்கள். "மூணாவது சந்துல வந்துகினு கீறா" என்று மட்டும்தான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சார்.