லூசேர்ன் ஏரிக்கரையில் அண்ணை

லூசேர்னுக்குப் போக எண்ணமிருந்தால் ஆனி, ஆடியில் போங்கள், ஆபீசர். நவம்பரில் ஏரிக்கு மேல் மூடுபனி குந்திக்கொண்டிருக்கும். மலை இருக்கிற திசையைக் கையால் காட்டித்தான் நம்பவைக்க வேண்டும். என்றாலும் பார்க்க வேண்டிய ஊர்தான். ரயிலை விட்டு இறங்கினால் எதிரே ஏரி. அன்னங்கள் கரைவரை வந்து பாண் துண்டுக்குக் கழுத்தை நீட்டும். கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்றிருக்கிறது. அண்ணை அதில் மூன்று தரம் போய் வந்தார்.

அண்ணையின் பெயர் கணேசலிங்கம். என்னைவிடப் பதினொரு வயது மூப்பு. கலியாணம் செய்யாதவர், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்களோடுதான் இருந்தார். நான்கு வருடத்துக்கு முன் மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு வழி, பிறகு ஆட்கள். கடைசியில் குழாயைத் திறந்துவிட்டு, மாடியில் நின்று உரத்த குரலில் தேவாரம் பாடுவார். என் மனைவி தவமலர்தான் அவரைக் குளிப்பாட்டினாள், உடுப்பு மாற்றினாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவரை நாங்கள் வெறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மகள் விதுஷாவுக்கு ஈஸ்ட் ஹாமில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை பல் வைத்தியர். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாதகம் பொருந்திய பிறகு, குடும்பத்தில் யாருக்கும் மூளைப் பிசகு உண்டா என்று மெல்ல விசாரிப்பார்கள். வயதுபோனவரின் மறதி வேறு, பைத்தியம் வேறு என்று டாக்டர் சொல்லலாம், ஊர் சொல்லாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மாப்பிள்ளையின் தாய் போனில் கேட்டபோது, "அண்ணை ஸ்விஸில இருக்கிறார், நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று அவரை மேலே வைத்துப் பூட்டினோம். பாடினார். பக்கத்து வீட்டுக் கிழவர் டிவிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார் என்று சமாளித்தேன். ஆனால் கலியாணம் என்றால் ஒரு கிழமைக்கு வீட்டில் சனம் நிற்கும். யாரை எங்கே பூட்டுவது? மார்கழி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று நாளும் வைத்தாயிற்று. கவுன்சிலில் கேட்டிருந்தால் ஒரு கெயார் ஹோமில் இடம் தந்திருப்பார்களே என்று நேற்றுக் கேட்டீர்கள். எங்கள் தமிழ்ப் பெண்கள் வேலை செய்யாத கெயார் ஹோம் இந்தப் பக்கத்தில் எது? ஒரு ஷிப்ட் முடிவதற்குள் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். யோசித்துப் பார்த்தேன். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுவதுதான் நேர்மையான வழி என்று பட்டது.

லூசேர்னில் என் பழைய சிநேகிதன் சிவானந்தன் இருக்கிறான். அவன் ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான் என்று வீட்டில் சொன்னேன். தவமலர் அழுதுகொண்டே பெட்டி அடுக்கினாள். விதுஷா பெரியப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டு, கலியாணப் படங்களைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னாள். சிவானந்தனுக்கு நாங்கள் வருவதே தெரியாது.

இரண்டு நாள் அவரை ராசா மாதிரி வைத்திருந்தேன். கப்பலில் ஏற்றினேன், சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அன்னங்களைக் கண்டு கைதட்டினார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வருடங்களாகியிருந்தன, எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவர் வழி தவறிவிட்டால் உதவும் என்று தவமலர் கோட்டின் உட்கழுத்தில் அவருடைய பெயரையும் எங்கள் போன் நம்பரையும் தைத்து வைத்திருந்தாள். ஹோட்டலில், அவர் தூங்கிய பிறகு, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் அந்தத் தையலைப் பிரித்தேன். துணி கிழியவில்லை.

வியாழன் மத்தியானம் கப்பல் துறைக்கு அங்கால் ஒரு மர வாங்கில் அவரை இருத்தினேன். என் சால்வையை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டேன். கொடியவன் இதைச் செய்வானா?

"எங்கையடா போறாய்?" என்றார்.

"இந்தா வாறன் அண்ணை. இதிலயே இருங்கோ."

"ஓம், ஓம். கெதியா வா."

பாஸ்போர்ட் இரண்டும் என் பையில் இருந்தன. ஸ்விஸில் ஒரு மனிதனைத் தெருவில் சாகவிட மாட்டார்கள், அரசாங்கமே எடுத்துப் பார்க்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதை நம்பினேன். அவர் எழும்பி நடப்பார், யாராவது காண்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அடுத்த நாள் காலை வரை அவர் அந்த வாங்கை விட்டு அசையவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கிறது.

திங்கட்கிழமை சிவானந்தன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு அண்ணை. கூடவே குரலும் வந்தது: "மச்சான், இந்த ஐயாவின்ர சொந்தக்காரரைத் தேடுகினம். பேர் சொல்லுறார் இல்லையாம். உன்ர கொண்ணையின்ர சாயல் கிடக்கு." அண்ணை இங்கே வீட்டில் மேலே படுத்திருக்கிறார் என்று பதில் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் ஸ்விஸில், ஸ்விஸுக்கு அவர் லண்டனில். இரண்டும் குழம்பாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலையில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, அவர் செத்துப்போனார் என்று சிவானந்தன் எழுதினான். "ஆரோ பாவம், அநாதையா." சாவு வீடென்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதற்குள் மார்கழி பிறந்துவிடும். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை நல்ல காரியம் வேண்டாம் என்பார்கள். இத்தனையும் பிறகு எதற்காக? குளித்தேன். ஞாயிறு பட்டுவேட்டி கட்டி, மகளின் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுத்தேன். அவளுக்கு அந்தச் சேலை அவ்வளவு பொருந்தியிருந்தது. துடக்கு என்பது தெரிந்தவர்களுக்குத்தான். என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கலியாணம் முடிந்து மூன்றாவது கிழமை விதுஷா படங்களோடு பெரியப்பாவிடம் போக வேண்டும் என்று விலாசம் கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் சிவானந்தனைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள். பிறகு உங்களிடம் வந்தாள். அவளில் எனக்குக் கோபமில்லை. தாலி ஏறிவிட்டது, அது போதும்.

இனி, அவர் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று நீங்கள் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வருகிறேன். விதுஷாவின் பெயரையே மறந்த கிழவர் தன் பெயரை மறந்ததில் புதுமையில்லை என்று இதுவரை சொல்லி வந்தேன். அது உண்மையில்லை. பெயர் அவருக்கு நினைவிருந்தது. தொண்ணூற்றோராம் ஆண்டு நாங்கள் ஐரோப்பாவுக்குள் களவாக வந்தபோது ஓர் எல்லையில் அவர் பிடிபட்டார். நான் நூறு கஜம் தள்ளி மரங்களுக்குள் படுத்திருந்தேன். பெயரைச் சொன்னால் கூட வந்தவனையும் தேடுவார்கள் என்று ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. நான் தப்பியது அப்படித்தான். அவருக்கு எல்லாம் மறந்தாலும் அந்த ஒன்பது நாள் மறக்காது என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்த வாங்கில் சால்வையைச் சுற்றிவிட்டு, காதுக்குள் சொன்னேன்: "அண்ணை, போடரில நிக்கிறம். ஆர் கேட்டாலும் பேரைச் சொல்லிப்போடாதேங்கோ. நான் பிடிபட்டிடுவன்."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அதன்பின் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இன்று காலை ஆஸ்பத்திரித் தாதி பதிவுசெய்த அவருடைய குரலை இந்த அறையில் போட்டீர்கள். பெயர் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்னது இது ஒன்றுதானாம். உங்கள் மொழிபெயர்ப்பாளர் சுப்ரியா அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டா. நல்ல பிள்ளை, ஆனால் இந்த வேலைக்கு மனம் கொஞ்சம் திடமாக இருக்க வேண்டும். பரவாயில்லை, நானே சொல்கிறேன். குரல் நைந்திருந்தாலும் சொற்கள் தெளிவு.

"தம்பியை விடுங்கோ. அவன் ஒரு பிழையும் செய்யேல்லை."

கேட்டீர்கள்தானே. சாகப்போகிற மனிதன் பொய் சொல்ல மாட்டான். அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.