துபாயில் ஒரு வீடு

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் காலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருநள்ளாற்றில் லாட்ஜ் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“துபாய்ல எம் பேருல ஒரு பங்களா இருக்குதாம்.”

இளையவள் சிரித்தாள். “யாருக்கா சொன்னா?”

“மெட்ராஸ்லேருந்து பண மோசடிய வெசாரிக்கிற ஆபீசருங்க ரெண்டு பேரு வந்தாங்க. அங்க வீட்டு வேலைக்கு இருந்தப்ப, விசாவுக்குன்னு சொல்லி முதலாளி நெறைய பேப்பர்ல கையெழுத்து வாங்குனாரு. இங்க ஊர ஏமாத்துன பணத்த அங்க கொண்டுபோயி, நான் வேல பாத்த வீட்டையே எம் பேருல வாங்கியிருக்காரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“முதலாளி முன்னாடியே போன் பண்ணிட்டாரு. ஒன் வீடுன்னே சொல்லிடு, பொண்ணு படிப்ப நான் பாத்துக்கறேன்னாரு.”

பேருந்து கோவில்பத்தில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம் அது. இறங்கவில்லை.

“அப்பறம்?”

“அந்த வீட்டத் தெரியுமான்னு ஆபீசரு கேட்டாரு. நல்லாத் தெரியும், ரெண்டு வருஷம் நாந்தான் தொடச்சேன்னேன். எங்க படுத்தீங்கன்னாரு. அடுப்படியிலன்னேன். வீட்டுக்காரிய யாராவது அடுப்படியில படுக்க வைப்பாங்களாங்கன்னு நானும் கேட்டேன்.”

“அதுக்கு அவரு?”

“அத அப்படியே எழுதிக்கிட்டாரு.”

சற்றுக் கழித்து இளையவள், “பொண்ணு படிப்புக்கு என்னக்கா பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“அதுக்குத்தான வேலைக்கு வர்றேன்” என்றாள் மூத்தவள்.