அடுத்த வாரத்து ரத்தம்

"இன்னைக்கும் தின்னுட்டியளா!"

பெரியதாழையிலிருந்து தூத்துக்குடி போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த அம்மா போட்ட சத்தத்துக்கு நடத்துநரே திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய கணவர், கப்பலில் வேலை பார்ப்பவர், கையில் பாதி தின்ற மக்ரூன் இனிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, மறந்துட்டேன். வெறும் வயித்துலதான் ரத்தம் எடுக்கணும்னு நீயாவது ஞாபகப்படுத்தக் கூடாதா? சரி, அடுத்த வாரம் போவோம்."

"போன வாரம் டீ. அதுக்கு முந்தின வாரம் வாழைப்பழம். மெடிக்கல் சர்டிபிகேட் எங்க, எங்கன்னு ஏஜெண்ட் தெனமும் கேக்கான். அது இல்லாம எந்தக் கப்பல்ல ஏத்துவான்? சுகர் இருக்குன்னு சொல்லிருவாவளோன்னு உங்களுக்குப் பயம்."

"பயமா? எனக்கா? அலை கப்பலுக்கு மேல ஏறி விழும்போது உக்காந்து சோறு தின்னவன் நான்!"

"அலைக்குப் பயமில்ல. ஊசி முனையில வார ரத்தத்துக்குத்தான் இந்தப் பாடு."

"கொஞ்ச நாள் இனிப்பக் குறைச்சிட்டு, அப்புறமாப் போய் டெஸ்ட் எடுக்கலாம்னு பாத்தேன்" என்றார் அவர், மென்றுகொண்டே.

அந்த அம்மா அசரவில்லை.

"நேத்தே லேபுல கேட்டுட்டேன். வெறும் வயிறு வேண்டாத டெஸ்ட் ஒண்ணு இருக்காம். இன்னைக்கு அதைத்தான் எடுக்கப் போறோம்."

"அதுல என்ன தெரியுமாம்?"

"மூணு மாசமா சுகர் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிருமாம்."

மக்ரூன் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"தின்னுங்க. இன்னைக்கு ஒருநாள் தின்னாம இருந்துட்டா மட்டும் அதுல ஒண்ணும் குறைஞ்சிராதாம்."