வராத ஜீப்

— நின்னுடுச்சுண்ணா.

— இன்னா நின்னுடுச்சு?

— சத்தம். கீழே ஒரு ஜீப்பு ஏறி வந்துச்சு. இப்போ இல்ல.

— இது மூடின ரோடு, அன்னாள். உன் வூட்டுக்காரன் போன ஜீப்பு இங்க உருண்டதுக்கு அப்புறம் பாறையைப் போட்டு அடைச்சுட்டாங்க. மூணு வருசமா மாட்டு வண்டி கூட வர்றதில்ல.

— தெரியும். உன் கூடத்தான அந்தப் பாறையைத் தாண்டி வந்தேன்.

— அப்புறம் இன்னா ஜீப்பு?

— கேட்டதைச் சொன்னேன். இந்த மெழுகுவர்த்தியைப் பிடி... காத்து அடிக்குது.

— கல்லறைத் திருநாளும் அதுவுமா ஊரே கல்லறையில இருக்குது. நாம மட்டும் மலை மேல, இந்த வளைவுல நிக்கிறோம்.

— அங்க இருக்கிறது எலும்புண்ணா. அவரு முழுசா இருந்தது இந்த வளைவு வரைக்கும்தான்.

— மெழுகு கையில சொட்டுது.

— அவ்ளோதானா பேச்சு? புரொபசர் பிலிப்ராஜ் காலேஜ்ல ஒரு மணி நேரம் நிறுத்தாம பேசுவாராமே.

— அங்க கேக்குறவங்க தூங்கிடுவாங்க.

— நான் முழிச்சுட்டுதான் இருக்கேன். ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு ஜீப்பு வரலைன்னா அவரு உயிரோட இருந்திருப்பாரா?

— அதையே கேக்காத.

— அண்ணனா சொல்ல வேணாம். கணக்கு வாத்தியாரா சொல்லு.

— பழைய தர்க்கக் கணக்குல அதுக்கு வர்ற பதில் உதவாது. ஜீப்பு வந்துடுச்சு. 'வரலைன்னா'ன்னு ஆரம்பிச்சாலே முன்பாதி பொய். முன்பாதி பொய்னா, பின்னாடி இன்னா சேத்தாலும் மொத்தமும் உண்மைன்னு எடுத்துக்கணும்.

— இன்னா சேத்தாலுமா?

— இன்னா சேத்தாலும்.

— எனக்கு றெக்கை இருந்தா உன் மண்டையில முடி முளைக்கும்.

— உண்மை.

— இதைச் சொல்லித் தரவா உனக்கு வேலை குடுத்தாங்க?

— சிரிக்காத. உனக்கு றெக்கை இல்ல. அதனால அந்தப் பேச்சை யாரும் பொய்யின்னு மடக்க முடியாது. அதான் விதி.

— அப்போ 'இருந்திருப்பாரு'ன்னாலும் உண்மை, 'அப்பவும் செத்திருப்பாரு'ன்னாலும் உண்மை.

— ரெண்டும்.

— எனக்கு அது போதாதுண்ணா.

— எனக்கும் போதல. அதான் இப்போ வேற ஒண்ணு படிக்கிறேன். இது மாதிரியே இன்னும் நிறைய உலகம் இருக்கிறதா வெச்சுக்கணும். ஜீப்பு வராத உலகங்கள்ல எது நமக்கு ரொம்பக் கிட்ட இருக்குதோ, அங்க போய்ப் பாக்கணும். அங்க உன் வூட்டுக்காரன் லாசர் உயிரோட இருந்தாத்தான் 'இருந்திருப்பாரு'ங்கிறது உண்மை.

— எவ்ளோ கிட்ட?

— ஒண்ணே ஒண்ணு மாறியிருக்கும். மத்தபடி இதே மலை, இதே பனி.

— அங்க அவரு வூட்டுல இருக்காரு.

— இருக்கான்.

— நான் இங்க வந்திருக்கமாட்டேன்.

— மாட்ட.

— இந்த வளைவுல யாரும் உருளல. அப்போ ரோட்டையும் அடைச்சிருக்கமாட்டாங்க... இந்நேரம் இந்த வழியா ஜீப்பு போவும்.

— அன்னாள்...

— கேக்குதாண்ணா? கேக்குதா, இல்லையா?

— கேக்குது.

— கிட்ட வருது. வந்தா ஏறலாமா?

— வராது. பாறை இருக்குது.

— வராதுன்னா உனக்கு இன்னா பயம்? இன்னா சொன்னாலும் உண்மைதான. 'வந்தா ஏறு, ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லு.

— மாட்டேன்.

— ஏண்ணா?

— அன்னைக்கு அதைத்தான் அவன்கிட்ட சொன்னேன். மேலே பள்ளிக்கூடத்துக்குப் போவணும், மழையா இருக்குது, ஜீப்புல போவலாமா மச்சான்னு கேட்டான். ஊர்ல இருந்த ஒரே ஜீப்பு அச்சு முறிஞ்சு பட்டறையில நின்னுச்சு. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. எப்படியும் வராதுன்னு... 'வந்தா தைரியமா ஏறு, ஒண்ணும் ஆவாது'ன்னேன். கணக்குப்படி பொய் இல்லன்னு எனக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். அப்புறம் எங்கிருந்து ஒரு ஜீப்பு வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

— எனக்குத் தெரியும்ண்ணா. அச்சு முறிஞ்சது எனக்கும் தெரியும். நீ சொன்னதை அடுப்பங்கரையில நின்னு கேட்டேன். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, கீழே படவேட்டுக்கு ஆள் அனுப்பி வேற ஜீப்பை வரச் சொன்னது நான்தான்.