கொட்டிக் கொடுப்பவளின் சீலை

தலைமைக் கதிரையை அணிசெய்யும் பங்குத்தந்தை அவர்களே, அழைத்ததும் வந்தமர்ந்த மீரா முகைதீன் நானா அவர்களே, கடலோடு மல்லுக்கட்டிக் கரைசேரும் பெரியோர்களே, கருவாட்டு வாடிகளில் வெயிலையே வென்றுவிட்ட தாய்மார்களே, உங்கள் மாதர் சங்கத்து அனஸ்தாசியாவின் வணக்கமும் ஸலாமும்.

எனக்குப் பின்னால், முதல் மீன் நாளான இன்று மீண்டும் சுவரில் ஏறியிருக்கிறதே இந்தச் சித்திரச் சீலை, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்தது என்பார்கள். இதிலுள்ள நான்கு பெண்களையும் புனிதைகள் என்றே நம்பினோம். யானைத்தலை முடி சூடியவளுக்கு மெழுகுதிரி ஏற்றினோம். இறகு சூடியவளுக்கு நேர்த்தி வைத்தோம். ஓம், பஸ்தியான் அண்ணன் சிரிக்கிறார். படகு இயந்திரம் பழுதானபோது அவளிடம் அழுதவரே அவர்தான்.

சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து ஓர் அறிஞர் வந்தார். "இவர்கள் புனிதைகள் அல்லர், நான்கு கண்டங்கள். அரியணையில் ஐரோப்பா. மற்ற மூவரும் அவளுக்குத் திறை கொண்டு வருகிறார்கள்" என்றார். மண்டியிட்டு, கொம்பு வடிவக் கூடையிலிருந்து பூவும் பழமும் கொட்டுகிறாளே, அவள்தான் ஆசியா. அதாவது நாம்.

கொதித்தார் மீனவர் சங்கத் தலைவர் அல்பிரட். "எங்களை முழங்காலில வச்ச சீலை எங்களுக்கு என்னத்துக்கு? கேக்கிற வெள்ளைக்காரனுக்கே குடுத்திடுவம்" என்றார். சீலையை விலைக்குக் கேட்டு வந்த அந்த வெள்ளைக்காரரும் வாசலில் நின்றார். எனக்கோ வேறு கவலை. பருவத்தின் முதல் மீனை விற்காமல், அந்தக் கூடையின் கீழே வைத்து, அடுப்பெரியாத வீடுகளுக்குக் கொடுப்பது நம் வழக்கமல்லவா? சீலை போனால் வழக்கம் நிற்குமா?

அப்போது எழுந்தார் ரபியா, தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது சிறுமியாய் இங்கு வந்தவர்.

"அல்பிரட் நானா, உடுத்த உடுப்போட நாங்க வந்திறங்கின நேரம், இதுக்குக் கீழ வச்ச மீனத்தான் எங்க உம்மா ஆக்கித் தந்தாங்க. குடுத்த நீங்க தாழ்ந்தா போனீங்க? படத்தில கைநீட்டுறது யாரெண்டு பாருங்க."

பார்த்தோம், பெரியோர்களே. அரியணை யாருக்கு? ஐரோப்பாவுக்கு. மணிமுடி யாருக்கு? ஐரோப்பாவுக்கு. ஏந்திய கை யாருடையது? அதுவும் ஐரோப்பாவுடையதே! அள்ளி அள்ளிக் கொடுத்தும் குறையாத கூடை யாருடையது? நம்முடையது, நம்முடையது, நம்முடையது!

அல்பிரட் கண்ணைத் துடைத்தார். வாசலுக்குப் போனார். "சீலை தர ஏலாது துரை. மீன் இருக்கு, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார்.

கொடுக்கும் கையை எந்தக் கலைஞன் எவ்வளவு கீழே வரைந்தாலும் அது தாழ்வதில்லை. பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்.